வரதாம்பிகா தேவியாரின் பிறந்தகம்

எம்பெருமானுக்கும் பிராட்டிக்கும் திருக்கல்யாண உத்ஸவம் நடைபெறுங்கால், திருமாங்கல்ய தாரணத்திற்கு முன்பாக இரு குலத்தாருடைய கோத்ரமும் ப்ரவரமும் ஓதப்படுவதைச் சேவார்த்திகள் கேட்டிருப்பர். மணமகனுடைய முன்னோர் வரிசை சொல்லப்படுவது போலவே மணமகளுடைய முன்னோர் வரிசையும் ஒரு குறைவுமின்றிச் சொல்லப்படும். மிதிலையிலே ஸ்ரீராமபிரானுக்கும் ஸீதாபிராட்டிக்கும் விவாகம் நிச்சயமானபோது, இக்ஷ்வாகு குலத்தின் வரிசையை வஸிஷ்ட பகவான் எடுத்துரைக்க, நிமி குலத்தின் வரிசையை ஜனக மஹாராஜர் தாமே எடுத்துரைத்ததாக ஸ்ரீமத் ராமாயணம் கூறுகிறது. கன்னிகையைக் கொடுக்கும் குலத்தையும் சபையறியச் சொல்ல வேண்டும் என்பது அந்நாள் தொட்டு வரும் மரியாதையாகும்.

மண்ணுலகத்து மன்னர்களின் சாசனங்களிலோ இம்மரியாதை அரிதாகவே காணப்படுகிறது. மன்னனின் குலம் சந்திரனிலிருந்தோ சூரியனிலிருந்தோ தொடங்கிப் பல சுலோகங்களில் விரியும். தேவியின் பெயர் ஒரே சொல்லாக வந்து மறையும். அவள் எவர் மகள், எவர் உடன்பிறந்தாள் என்பது பல இடங்களில் எழுதப்படுவதேயில்லை. இந்நிலையிலே, தான் பிறந்த குலத்தின் பெயர் கல்லிலும் காவியத்திலும் நிலைபெறும் பேறு பெற்ற ஒரு ராஜபத்தினி உண்டு. விஜயநகரத்தை 1529 முதல் 1542 வரை ஆண்ட அச்யுததேவ மஹாராயரின் பட்டத்துத் தேவியாராகிய வரதாம்பிகையே அவர். திருமலையையும் பெருமாள் கோயிலையும் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட இத்தேவியாரின் பிறந்தகம் உயர்ந்த வகையும், அது வீழ்ந்த வகையும், வீழ்ந்த பின்னும் எஞ்சி நிற்கும் கைங்கர்யமும் அடியார்கள் அறியத்தக்கவை.

புக்ககத்தின் வரிசை

தேவியார் புகுந்த குலம் துளுவ குலம். இக்குலத்து மன்னர்களின் செப்பேடுகள் சந்திரனைத் தொடக்கமாகக் கொண்டு, புதன், புரூரவஸ், ஆயு, நஹுஷன், யயாதி என்று இறங்கி, யயாதியின் மகனாகிய துர்வஸுவின் வழியில் துளுவ குலம் தோன்றியதாகச் சொல்லும். வரலாற்றுக் காலத்தில் முதலில் வருபவர் திம்மர். அவர் மனைவி தேவகி. அவர்கள் மகன் ஈசுவரர். அவர் மனைவி புக்காம்பிகை. அவர்கள் மகனே நரஸ நாயக்கர். வெள்ளம் பெருகிய காவேரிக்கு அணை கட்டிக் கடந்து சீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட வீரர் என்று அவரைச் செப்பேடுகள் புகழும்.

நரஸ நாயக்கருக்குத் தேவியர் மூவர். திப்பாம்பிகையின் வயிற்றில் வீர நரஸிம்மரும், நாகலாம்பிகையின் வயிற்றில் ஸ்ரீ க்ருஷ்ணதேவராயரும், ஓபாம்பிகையின் வயிற்றில் ரங்கரும் அச்யுதரும் தோன்றினர். இவ்வாறு தாய்மாரின் பெயர்களைச் செப்பேடுகள் மறவாமல் குறிக்கின்றன. ஏனெனில் ஒரு தந்தைக்குப் பல தேவியர் வழியே பிறந்த புதல்வரைப் பிரித்தறியத் தாய்ப்பெயர் வேண்டியிருந்தது. அம்மட்டோடு அவை நின்றுவிடும். ஓபாம்பிகையும் நாகலாம்பிகையும் எவருடைய குலக்கொடிகள் என்பதை அந்தச் சுலோகங்கள் சொல்லுவதில்லை. மருமகளாகிய வரதாம்பிகைக்கோ இக்குறை நேரவில்லை.

பிறந்தகத்தின் பெயர்

வரதாம்பிகையின் தந்தையார் சலகராஜர். அவர் பெயரே அக்குலத்திற்குப் பெயராக நிலைத்தது. தேவியாரின் உடன்பிறந்தார் இருவரும் சாசனங்களிலே சலகராஜு என்னும் அடைமொழியோடு வழங்கப்படுவர். அவ்விருவருக்கும் திருமலை என்பதே பெயர். ஒரே திருநாமத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் இட்டு, பெரியவர் சிறியவர் என்று பிரித்து அழைப்பது ஆந்திர தேசத்துக் குடும்பங்களில் பெருவழக்கு. ஆகவே ஒருவர் பெத்த திருமலை, மற்றவர் சின்ன திருமலை ஆயினர். கன்னடச் சாசனத்திலே மூத்தவர் ஹிரிய திருமலைராஜர் என்று வருவார். தமிழ்ச் சாசனமாயின் பெரிய திருமலை என்றாகும். மொழிக்கு மொழி மாறும் இந்த அடைமொழியை அறியாதவர்கள் ஒருவரையே மூவராக எண்ணி மயங்குவது இயல்பு.

தேவியாரின் பெயரும் அவ்வாறே. ஸம்ஸ்க்ருத காவியத்தில் வரதாம்பிகை. காஞ்சியில் வரதாதேவி அம்மன். திருமலையில் வரதாஜி அம்மன். மூன்றும் ஒருவரையே குறிக்கும். பிள்ளைகளுக்குத் திருவேங்கடமுடையான் எழுந்தருளியிருக்கும் திருமலையின் பெயர். பெண்ணுக்கு அத்திகிரிப் பேரருளாளனாகிய வரதனை நினைப்பூட்டும் பெயர். சலகராஜரின் இல்லத்திலே பெயர் சொல்லி அழைக்கும் பொழுதெல்லாம் இரண்டு திவ்யதேசங்கள் நாவில் நின்றன என்பதை எண்ணினால் அக்குலத்தின் பக்தி ஒருவாறு விளங்கும்.

சந்திரகிரியிலிருந்து சிங்காதனம் வரை

அச்யுதர் தம் இளமையில் அரசுரிமை கருதிய காவலில், திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையில் இருத்தப்பட்டிருந்தார். 1529ஆம் ஆண்டில் க்ருஷ்ணதேவராயர் தமக்குப் பின் அச்யுதரே ஆள வேண்டும் என்று திருவுள்ளம் கொண்டார். அவர் மறைந்ததும், அவருடைய மருமகனாகிய ராமராயர் கைக்குழந்தையாயிருந்த இளவரசனை முன்னிறுத்த முயன்றார். அவ்வேளையில் அச்யுதருக்காகச் சிங்காதனத்தைக் காத்து நின்றவர் காஞ்சியைச் சேர்ந்த செல்லப்பர் என்னும் ஸாளுவ வீர நரஸிம்மர். அச்யுதர் திருமலையிலே திருவேங்கடமுடையானின் ஸந்நிதியிலும், பின்னர் காளஹஸ்தியிலும் அபிஷேகம் பெற்றுக்கொண்டு தலைநகர் அடைந்தார்.

இவ்வபிஷேகத்தை வருணிக்கும் அச்யுதராயாப்யுதயம் என்னும் காவியத்தை இயற்றியவர் ராஜநாத டிண்டிமர். ஆரணியை அடுத்த முள்ளண்டிரத்தில் வாழ்ந்த டிண்டிம கவிகளின் மரபினர் அவர். ராயருக்கு முடிசூட்டும் தருணத்திலேயே வரதாம்பிகை பட்டத்து ராணியாகவும், அவர் புதல்வர் வேங்கடாத்ரி இளவரசராகவும் அமர்ந்ததாக அவர் பாடுகிறார். ஆகவே விவாகம் முடிசூட்டுக்கு முன்னரே நடந்தேறியிருத்தல் வேண்டும். சலகராஜர் தம் மகளைக் கொடுத்தபோது மணமகன் சாம்ராஜ்யத்தின் அதிபதி அல்லர். உரிமை இருந்தும் உரிமை கைக்கு எட்டாத ஓர் அரசகுமாரருக்கே அவர் கன்னிகாதானம் செய்தார். அக்குலத்தின் பிற்கால உயர்வை அறிந்தோர் இதனையும் சேர்த்து நினைத்தல் முறை.

முடி வந்ததும் உறவுக்கும் ஏற்றம் வந்தது. சலகராஜுவின் பிள்ளைகள் இருவரும் ராயரின் வலக்கரமும் இடக்கரமும் போலாயினர். அவர்கள் செல்வாக்கும் ராமராயரின் செல்வாக்கும் வளர வளர, சிங்காதனத்தைக் காத்துக் கொடுத்த செல்லப்பர் மனம் வெதும்பினார். சோழ நாட்டில் அதிகாரம் செலுத்திய அவர், தெற்கே திருவடி என்று வழங்கிய வேணாட்டு அரசரோடு சேர்ந்து, 1531ஆம் ஆண்டளவில் ராயருக்கு எதிராக எழுந்தார்.

பெருமாள் கோயிலில் முத்துத் துலாபாரம்

கலகத்தை அடக்கத் தென்திசை நோக்கிப் புறப்பட்ட ராயர், வழியிலே திருமலையைச் சேவித்துக் காஞ்சிக்கு எழுந்தருளினார். அங்கே 1532ஆம் ஆண்டில் ஸ்ரீ வரதராஜப் பெருமாள் ஸந்நிதியில் முக்தா துலாபாரம் நடைபெற்றது. மத்ஸ்ய புராணம் கூறும் பதினாறு மஹாதானங்களில் முதலாவது துலாபுருஷ தானம். அரசன் துலையின் ஒரு தட்டில் அமர, மறு தட்டில் அவன் எடைக்கு எடை பொன் வைக்கப்பட்டு, அப்பொன் முழுவதும் தானமாகும். பொன்னுக்கு மாறாக முத்தினை நிறுத்தது அச்யுதரின் தனிச்சிறப்பு. இந்த வைபவத்தில் ராயரோடு வரதாதேவி அம்மனும் குமார வேங்கடாத்ரியும் உடனிருந்ததைப் பெருமாள் கோயிற் சாசனங்கள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன.

வரதனின் பெயரைத் தாங்கிய தேவியார், தம் கொழுநரையும் மகனையும் உடன்கொண்டு வரதனின் ஸந்நிதியிலே நின்ற நாள் அது. தேவியாரின் வாழ்வில் இதற்கு மேற்பட்ட நன்னாள் வேறொன்று இருந்ததாகச் சொல்லுவதற்கில்லை. காஞ்சியிலே ராயர் செய்த மற்றொரு செயலும் நினைவுகூரத் தக்கது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் கிராமங்களைச் சமமாகப் பங்கிடுமாறு அவர் முன்னர் ஆணையிட்டிருந்தார். அதனை நிறைவேற்றிய ஸாளுவ நாயக்கர் ஒரு கோயிலுக்குக் கூடுதலாக அளித்துவிட்டார் என்பது தெரியவரவே, ராயர் தாமே தலையிட்டு இரு கோயில்களுக்கும் நிறையைச் சரிசெய்தார். துலையிலே அமர்ந்த மன்னரின் துலைக்கோல் கோணவில்லை.

அங்கிருந்து ராயர் திருவண்ணாமலை வழியாகத் திருவரங்கம் சென்று, பெரிய பெருமாள் திருவடிவாரத்திலேயே தங்கிவிட்டார். சேனையை நடத்திக்கொண்டு தெற்கே போனவர் தேவியாரின் உடன்பிறந்தாராகிய சின்ன திருமலை. அவர் தாமிரபரணிக் கரை வரை சென்று வெற்றித்தூண் நாட்டியதாகவும், அனந்தசயனத்தில் பத்மநாபனைச் சேவித்துத் திரும்பியதாகவும், சிறைப்பட்டவர்களைத் திருவரங்கத்திலே ராயர் முன் நிறுத்தியதாகவும் டிண்டிம கவி பாடுகிறார். மைத்துனரின் கைவாளே மன்னரின் கைவாளாயிற்று.

மூத்தவர் எழுப்பிய கோயில்

இளையவர் போர்க்களத்தில் பெயர் பெற்றது போல, மூத்தவர் திருப்பணியில் பெயர் பெற்றார். துங்கபத்ரையின் தென்கரையில், மதங்க மலைக்கும் கந்தமாதன மலைக்கும் இடையே, 1534ஆம் ஆண்டில் ஹிரிய திருமலைராஜர் திருவேங்கடநாதனுக்கு ஒரு பெருங்கோயில் எடுத்தார். திருமலைக்குப் போக இயலாத தலைநகரத்து மக்கள் அங்கேயே சேவிக்கும்படி, ஏழுமலையானையே தம் ஊருக்கு எழுந்தருளப் பண்ணினார் என்று கொள்ளலாம். இரண்டு பிராகாரங்களும், கோபுர வாயில்களும், கோயிலின் முன்னே நெடுந்தூரம் ஓடும் தேர்வீதியும், வீதியின் இருமருங்கும் தூண் வரிசைகளும் கொண்டது அக்கோயில். இன்றைய ஹம்பியிலே அதனைக் காணலாம்.

ஆயினும் அக்கோயிலை இன்று எல்லோரும் அச்யுதராயர் கோயில் என்றே சொல்லுகின்றனர். எடுப்பித்தவர் தேவியாரின் உடன்பிறந்தார் என்று கல்வெட்டு கூறியிருந்தும், பிறந்தகத்தின் பெயர் மறைந்து புக்ககத்தின் பெயரே வழக்கில் நின்றது.

உறவே பகையானது

ஏற்றம் பெற்ற உறவினர் எல்லோராலும் விரும்பப்படவில்லை. 1535ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்தில் இருந்த போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், ராயர் தம் மைத்துனர் இருவரின் சொற்படியே ஆளுகிறார் என்றும், அவ்விருவரும் தீய இயல்பினர் என்றும், இதனால் தலைவர்கள் மனம் கசந்துள்ளனர் என்றும் எழுதி வைத்தார். கவிகள் ராயரைப் புகழ்ந்த அதே காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு இது. அந்நியரின் பார்வையில் மிகை இருக்கலாம். முற்றிலும் தவறன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின.

1542ஆம் ஆண்டில் அச்யுதராயர் பரமபதித்தார். இளவயதினரான வேங்கடர் அரசரானார். ஆட்சிப் பொறுப்பு தாய்மாமனாகிய சலகராஜு திருமலையின் கைக்கு வந்தது. குழந்தைக்குத் தாய்மாமனை விடப் பற்றுக்கோடு வேறில்லை என்பது உலக வழக்கு. கண்ணனைப் பெற்ற தேவகியின் கதையை அறிந்தவர்களோ, தாய்மாமனிடமே அஞ்ச வேண்டிய வேளையும் உண்டு என்பதை அறிவர்.

வரதாம்பிகையின் முன்னே ஒரு பெரும் தர்மஸங்கடம் நின்றது. ஒருபுறம் உடன்பிறந்தவன், தந்தையின் குலம், தன்னைக் கொடுத்த வீடு. மறுபுறம் தான் பெற்ற மகன், கணவன் ஒப்படைத்துச் சென்ற முடி. உடன்பிறந்தவனின் எண்ணம் சிங்காதனத்தின் மேல் சென்றுவிட்டது என்று தேவியார் ஐயுற்றார். அரண்மனைக்குள் துணை காணாமல், பீஜப்பூர் ஸுல்தான் இப்ராஹிம் ஆதில் ஷாவுக்கு உதவி வேண்டி ஆளனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஆதில் ஷா புறப்பட்டும் விட்டார். திருமலை பெரும்பொருள் கொடுத்து அவரை வழியிலேயே திருப்பி அனுப்பினார். இதற்கிடையே ராமராயர், குத்திக் கோட்டையில் இருந்த ஸதாசிவரை, அதாவது அச்யுதரின் உடன்பிறந்தாராகிய ரங்கரின் புதல்வரை, அரசரென்று அறிவித்தார்.

நாற்புறமும் கலகம் சூழ்ந்தது. அச்சத்தால் நகரத்தார் திருமலையையே அரசராக ஏற்க, அவர் தம் மருமகனாகிய இளம் அரசரையும், அரச குடும்பத்தில் கைக்கு அகப்பட்டவர்களையும் கொல்வித்தார். பெருமாள் கோயிலில் முத்துத் துலாபாரத்தின்போது பெற்றோர் அருகே நின்ற அந்தக் குமாரர் தாய்மாமனால் மாண்டார். தேவகியின் எட்டாம் பிள்ளைக்கு யமுனை வழிவிட்டது. வரதாம்பிகையின் பிள்ளைக்குத் துங்கபத்ரை வழிவிடவில்லை.

ராமராயர் படையெடுத்து வந்தார். பல போர்களில் தோற்ற திருமலை இறுதியில் கொல்லப்பட்டார். 1543ஆம் ஆண்டில் ஸதாசிவர் தலைநகரில் முடிசூட, சலகராஜுவின் குலம் அதிகாரத்திலிருந்து அடியோடு நீங்கியது. பதினான்கு ஆண்டுகளுக்குள் ஒரு குலம் ஏறவும் இறங்கவும் கண்டது உலகம். அக்குலத்தை ஏற்றியதும் தேவியாரின் உறவே. மகனுக்காக அதனை எதிர்த்து நின்றவரும் அத்தேவியாரே.

ஒரு பெண் எழுதிய குலவரலாறு

இவ்வளவு அழிவுக்குப் பின்னும் சலகராஜர் மகளின் விவாகம் இன்றும் படிக்கப்படுகிறதென்றால், அதற்குக் காரணம் மற்றொரு பெண்மணி. அவர் பெயர் திருமலாம்பா. உரைநடையும் செய்யுளும் விரவி வரும் சம்பூ காவிய வகையில் வரதாம்பிகா பரிணயம் என்னும் நூலை அவர் ஸம்ஸ்க்ருதத்தில் இயற்றினார். பல கலைகளையும் சாஸ்திரங்களையும் கற்றுத் தேர்ந்த அவர், ராயரின் தேவியருள் ஒருவராகவும் கருதப்படுபவர். 1533ஆம் ஆண்டில் ராயர் செய்த ஸ்வர்ணமேரு தானத்தைக் குறித்து, ஓதுவ திருமலம்மா இயற்றிய சுலோகம் ஹம்பி விட்டலஸ்வாமி கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. இருவரும் ஒருவரே என்பது அறிஞர் கருத்து.

சந்திர குலத்தில் தொடங்கும் அந்நூல், நரஸ நாயக்கரின் வெற்றிகளையும், அச்யுதரின் பிறப்பையும், காத்யாயனி கோயிலில் அவர் சலகராஜ குமாரியைக் கண்டதையும், விவாகத்தையும், வேங்கடாத்ரி பிறந்து இளவரசரானதையும் சொல்லி மங்களமாக முடிகிறது. பின்னர் வந்த துயரத்தின் நிழல் அதில் விழவில்லை. தஞ்சை ஸரஸ்வதி மஹாலில் ஏட்டுப் பிரதியாகப் பாதுகாக்கப்பட்டிருந்த இந்நூல், இருபதாம் நூற்றாண்டில் லாகூரில் அச்சேறி உலகறிய வந்தது.

பள்ளிக்கரணையில் உத்ஸவம் சேவிக்கக் கூடும் அன்பர்களுக்கு இந்நூலோடு ஒரு சொந்தம் உண்டு. நரஸ நாயக்கர் கடந்து சென்ற நாடுகளுள் ஒன்றாகத் துண்டீர தேசம் அதில் வருணிக்கப்படுகிறது. துண்டீரம் என்பது தொண்டை நாடு. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு கிழக்கே கடல் வரையில் பரந்து, ஏரியும் கழனியும் சதுப்பு நிலமும் செறிந்த இப்பகுதியையும் உள்ளடக்கியது அது. சென்னைப் பட்டணம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர் எழுதப்பட்ட அவ்வருணனையில், 195 எழுத்துகள் கொண்ட ஒரே ஸமாஸச் சொல் வருகிறது. இலக்கியத்தில் வழங்கிய சொற்களுள் உலகிலேயே மிக நீண்டது என்று கின்னஸ் நூல் அதனைக் குறித்துள்ளது.

அத்தனை நீண்ட சொல் எதனைப் பேசுகிறது? போரையன்று, மன்னரின் மகுடத்தையுமன்று. திசைகளை இருளச் செய்யும்படி தழைத்த மாந்தோப்பு. அதன் அடியில் மெத்தை போன்ற மணற்பரப்பு. அங்கே வெட்டிவேரால் வேய்ந்த தண்ணீர்ப்பந்தல். ஏலமும் இலவங்கமும் குங்குமப்பூவும் பச்சைக் கற்பூரமும் கஸ்தூரியும் கமழும் குளிர்ந்த நீரைக் குடத்திலிருந்து வார்க்கும் இளம்பெண்கள். தாகம் தீரும் வழிப்போக்கர். தொண்டை நாட்டுக்கென்று அந்த அம்மையார் கண்ட அடையாளம் இதுவே. உத்ஸவ காலங்களில் வீதிதோறும் பந்தலிட்டுப் பானகமும் நீர்மோரும் வழங்கும் நம் நாட்டார், அந்நூலில் தம் முன்னோரையே காண்பர்.

எஞ்சி நிற்பவை

சலகராஜுவின் குலத்தார் தமக்கென்று தேடிய படையும் பதவியும் பொருளும் ஓராண்டுக்குள் பறிபோயின. எம்பெருமான் திருமுன்பே வைத்தவை இருக்கின்றன. ஹம்பியில் திருவேங்கடநாதன் கோயில், 1565ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் மூலவர் இன்றி இருப்பினும், கல்லோடு கல்லாக நிற்கிறது. காஞ்சியில் தேவியாரின் பெயரும் குமாரரின் பெயரும் பேரருளாளன் மதில்களுக்குள்ளே இருக்கின்றன.

திருமலையிலோ தேவியாரே நிற்கிறார். மஹாத்வாரத்தைக் கடந்ததும் வரும் பிரதிமா மண்டபத்தில், க்ருஷ்ணதேவராயரும் அவர் தேவியர் இருவரும் செப்புத் திருமேனிகளாகக் கைகூப்பி நிற்பதைப் பலரும் அறிவர். அதே மண்டபத்தின் மற்றொரு புறத்தில், கல்லிற் சமைத்த இருவர் கைகூப்பி நிற்கின்றனர். அவர்கள் அச்யுதராயரும் வரதாஜி அம்மனுமே. கூட்டத்தின் விரைவில் அவர்களைக் கவனியாது போவோர் பலர். இனித் திருமலைக்குச் செல்லும் அன்பர்கள், அந்தக் கல் வடிவைக் காணுங்கால், சலகராஜரின் மகள், திருமலையின் பெயர் தாங்கிய இருவரின் உடன்பிறந்தாள், வேங்கடாத்ரியைப் பெற்ற தாய் என்று ஒருமுறை நினைவார்களாக. வாழ்வு தந்த நாளிலும் வாழ்வு பறிபோன நாளிலும் எவன் திருவடியைத் தஞ்சமாகக் கொண்டாரோ, அவன் வாயிலிலே அத்தேவியார் கூப்பிய கை மாறாமல் நிற்கிறார்.

மங்களம்.